ஒரு இழுப்பு என்றால் கறை

என் நாத்தனார் எனக்குத் தர வேண்டியது ஆறாயிரத்து முந்நூற்று நாற்பது. அதில் ஆறாயிரத்து முந்நூறைப் பற்றி எங்களுக்குள் தகராறே கிடையாது. வாங்கினேன் என்று அவளும் சொல்வாள், மெதுவாகக் கொடு என்று நானும் சொல்லியிருக்கிறேன். நாலு வருடமாக நாங்கள் வாய் திறந்து பேசிக்கொள்ளாமல் இருந்தது அந்த நாற்பதுக்காகத்தான்.

பேசாமல் இருப்பது வேறு, பார்க்காமல் இருப்பது வேறு. பார்க்காமல் இருக்க எங்களுக்கு வழி இல்லை. ஒரே மருத்துவமனையின் சலவைக் கூடத்தில், ஒரே மேசையில், ஒரே விரிப்பின் இரண்டு முனைகளில் நிற்கிற வேலை எங்களுடையது. கூடம் அடித்தளத்தில் இருக்கிறது. மேலே ஆறு மாடிகளில் பிறப்பதும் நடக்கும், போவதும் நடக்கும். எது நடந்தாலும் விரிப்பு கீழே எங்களிடம்தான் வரும். பெரிய தொட்டி இயந்திரங்களில் துவைத்துப் பிழிந்து, சூடான உருளை இஸ்திரியில் ஒரு பக்கம் விட்டால் மறுபக்கம் காகிதம் மாதிரி விறைப்பாக வெளியே வரும். அதை மடிப்பதற்கு இரண்டு பேர் வேண்டும். ஆளுக்கு இரண்டு முனை. இழுத்துப் பிடித்து, நீளவாக்கில் ஒரு மடிப்பு, இன்னொரு மடிப்பு. அப்புறம் எதிரும் புதிருமாக நடந்து வந்து, அவள் முனையை என் கையில் கொடுத்துவிட்டுக் கீழே தொங்குகிற மடிப்பைக் குனிந்து எடுக்க வேண்டும். ஒவ்வொரு விரிப்புக்கும் அவள் விரலும் என் விரலும் தொட்டுக்கொள்ளும். ஒரு நாளைக்கு எத்தனை விரிப்பு, நாலு வருடத்துக்கு எத்தனை நாள் என்று நீங்களே பெருக்கிக்கொள்ளுங்கள். அத்தனை தடவை தொட்டுக்கொண்ட இரண்டு பேர், ஒரு வார்த்தை பேசவில்லை.

வேலைக்குப் பேச்சு தேவைப்படவும் இல்லை. இயந்திரங்கள் முழு வேகத்தில் ஓடும்போது கத்தினாலும் கேட்காது என்பதால், சண்டைக்கு முன்பே எங்களுக்குள் ஒரு பாஷை உண்டாகியிருந்தது. விரிப்பை ஒரு தடவை வெடுக்கென்று இழுத்தால், 'என் பக்கம் கறை இருக்கிறது, மறுபடி துவைக்கப் போடு' என்று அர்த்தம். இரண்டு இழுப்பு என்றால் கிழிசல். ஓர் உதறு உதறினால் திருப்பிப் பிடி. எங்களைப் போல வேகமாக மடிக்கிற ஜோடி அங்கே கிடையாது. அதனால்தான் சண்டைக்குப் பிறகும் சூப்பர்வைசர் எங்களைப் பிரிக்கவில்லை. "நீங்க வீட்ல அடிச்சுக்குங்க, கொல்லுங்க. என் மேசையில மடிச்சாப் போதும்" என்றுவிட்டார்.

சண்டையும் அந்த மேசையில்தான் நடந்தது. அவள் மகளுக்குப் படிப்பில் இடம் கிடைத்து, பணம் கட்டக் கடைசி நாள். பணத்தோடு நான் கிளம்பினபோது மழை பிடித்துக்கொண்டது. பணம் வாங்குகிற ஜன்னலை மூன்று மணிக்கு மூடிவிடுவான். வாடகை வண்டி பிடித்தேன், நாற்பது கொடுத்தேன், ஜன்னல் மூடுவதற்குள் கொண்டுபோய்ச் சேர்த்தேன். பிறகு ஒரு நாள் இயந்திரங்கள் நின்ற நேரத்தில் கணக்குப் பேசும்போது அந்த நாற்பதையும் சேர்த்துச் சொன்னேன். அவள், "நான் உங்களை வண்டியில வரச் சொன்னேனா அண்ணி?" என்றாள். "நடந்து வந்திருந்தா உன் பொண்ணு இந்நேரம் இங்க விரிப்பு மடிச்சிட்டிருப்பா" என்றேன் நான். அதோடு நிறுத்தியிருக்கலாம். ஆளுக்கு ஒரு வார்த்தை ஏற, கையில் இருந்த விரிப்பையும் ஆளுக்கு ஒரு பக்கம் இழுத்தோம். மருத்துவமனை விரிப்பு லேசில் கிழியாது. அன்றைக்குக் கிழிந்தது. அதன் விலையை இரண்டு பேர் சம்பளத்திலும் பாதிப் பாதியாகப் பிடித்தார்கள். அதற்குப் பிறகு 'அண்ணி' என்கிற வார்த்தை அவள் வாயிலிருந்து வந்ததே இல்லை. வந்ததெல்லாம் சாடைதான். இஸ்திரி இயந்திரத்தைப் பார்த்து, "சில பேருக்கு மனசு மட்டும் இதைவிடக் கொதிக்குது" என்பாள். நான் தொட்டியைப் பார்த்து, "எவ்வளவு போட்டாலும் நிறையாத ஜென்மம்" என்பேன். எங்களால் அந்தக் கூடத்து இயந்திரங்கள் வாங்கிக்கட்டிக்கொண்டது கொஞ்சமல்ல.

இதில் எடை கூடினது என் வீட்டுக்காரர் ஒருவர்தான். தங்கை வீட்டிலும் சாப்பிட்டு, இங்கேயும் வந்து சாப்பிடாதவர் மாதிரி உட்காருவார்.

பலகையைப் பற்றிச் சொல்ல வேண்டும். உற்பத்திக் கணக்கு எழுதுவதற்காக நிர்வாகம் ஒரு வெள்ளைப் பலகை கொடுத்தது. வருகைப் பதிவு இயந்திரத்துக்குப் பக்கத்தில், நான் நிற்கிற இடத்துக்கு நேர் பின்னால் மாட்டியிருந்தார்கள். சூப்பர்வைசருக்கு இந்தக் கணக்கிலெல்லாம் ருசி இல்லை. கண்ணாடியை நெற்றியில் ஏற்றிவிட்டு, கைபேசியில் சரித்திரம் படிக்கிற மனிதர் அவர். 'இந்த வாரம், அன்று' என்று மேலே எழுதி, உலகத்தில் இந்த வாரத்தில் முன்பு என்னென்ன நடந்தது என்று திங்கள்தோறும் எழுத ஆரம்பித்தார். அவர் கையெழுத்து, மாடியில் இருக்கிற டாக்டர்களே வெட்கப்படுகிற கையெழுத்து. யாருக்கும் புரியவில்லை. நான் மாலை வகுப்பு முடித்து நாலு வரி எழுதப் பழகிவிட்டேன் என்று தெரிந்ததும் மார்க்கர் பேனாவை என் கையில் கொடுத்துவிட்டார். நாற்பத்தெட்டு வயதில் எழுத்து கற்றவள் நான். என் வரி இடது பக்கம் தொடங்கினால் வலது பக்கம் போகப் போக மேலே ஏறிவிடும். புள்ளி வைக்கிற இடத்திலெல்லாம் சட்டைப் பொத்தான் மாதிரி ஒரு வட்டம் போடுவேன். புள்ளியாக வைத்தால் வைத்தேனா இல்லையா என்று எனக்கே சந்தேகம் வந்துவிடும். வகுப்பில் சொல்லிச் சொல்லிப் பார்த்தார்கள். பொத்தான் போகவில்லை.

உலகச் சரித்திரம் மூன்று வரி. கடைசியில் 'உள்ளூர்' என்று ஒரு வரி உண்டு. அது எங்களுடையது. தரையில் தண்ணீர் ஏறிய வாரம், புதுத் தொட்டி வந்த வாரம், நோயாளியின் பொய்ப்பல் தலையணை உறையிலிருந்து கிடைத்து ஒவ்வொரு மாடியாக உரியவரைத் தேடிய வாரம். யாருடைய விஷயம் பலகையில் ஏறுகிறதோ அவர் எல்லோருக்கும் தேநீர் வாங்கித் தர வேண்டும். அதனால் ஏறவும் ஆசை, ஏறாமலிருக்கவும் ஆசை. பாய்லர் வேலை பார்க்கிறவரை நாங்கள் 'ஆவி' என்று கூப்பிடுவோம், நீராவிப் புகைக்குள்ளிருந்து திடீர் திடீரென்று வெளியே வருவதால். ஒரு தடவை, அவரும் பாய்லரும் ஒன்றாக இங்கே வந்த வருடத்தை எழுதும்போது ஒரு எண்ணைத் தப்பாகப் போட்டுவிட்டேன். பாய்லருக்கும் அவருக்கும் பத்து வயது குறைந்துவிட்டது. அழிக்கப் போனேன். அவர் பலகைக்கு முன்னால் கையை விரித்துக்கொண்டு நின்றார். "தொடாதீங்கக்கா. பலகைல ஏறினா ஏறினதுதான். வயசு குறையறது ஒருத்தனுக்கு எத்தனை தடவை நடக்கும்?" அன்றிலிருந்து அதுவே சட்டமாகிவிட்டது. பலகையில் ஏறினால் ஏறினதுதான்.

நாத்தனார் எழுத்து கற்றுக்கொள்ளவில்லை. வகுப்பில் நான் சேர்ந்தேன் என்பதற்காகவே அவள் சேரவில்லை. "இந்த வயசுல படிச்சு தீர்ப்பு எழுதப் போறாங்களாக்கும்" என்று துணி வண்டியிடம் சொன்னாள். ஆனால் திங்கள்கிழமை பலகை நிறைந்ததும், "யோவ் ஆவி, வாசிய்யா. என்ன உளறி வச்சிருக்குன்னு கேப்போம்" என்பாள். ஆவி விரலை ஒவ்வொரு சொல்லாக நகர்த்தி, கோயில் மணி மாதிரி கணீரென்று வாசிப்பார். அவள் கேட்டுக்கொண்டே முனையைப் பிடித்து இழுப்பாள். வாரம் முழுக்க என் முதுகுக்குப் பின்னால் அந்தப் பலகையைப் பார்த்தபடிதான் அவள் நிற்பாள்.

அந்தத் திங்கள்கிழமை சூப்பர்வைசர் இரண்டு விஷயம் சொன்னார். ஒன்று, பலகைக்கு. ஜூலை மாதம் நடுவாரம். 1789இல் ஒரு பெரிய நகரத்தில் ஜனங்கள் சேர்ந்து சிறைக்கோட்டையைப் பிடித்தார்கள். 1969இல் மனிதன் நிலாவில் கால் வைத்தான். 1975இல் பகையாளி நாடுகள் இரண்டு, ஆளுக்கொரு கப்பலை வானத்துக்கு அனுப்பி, மேலேயே ஒன்றோடொன்றைச் சேர்த்து, ஒருவருக்கொருவர் கை கொடுத்தார்கள்.

இரண்டாவது விஷயத்தை அவர் பலகையைப் பார்த்தே சொன்னார். "வெள்ளிக்கிழமையோட உங்க நாத்தனார் நின்னுக்கறாங்க. மகளுக்குப் பிரசவம். அங்கேயே போய் இருக்கப் போறாங்களாம். உங்ககிட்ட சொல்லியிருப்பாங்கன்னு நினைச்சேன்."

நிலா என்ற சொல்லை எழுதிக்கொண்டிருந்தேன். என் வரி அன்றைக்கு வழக்கத்தைவிட மேலே ஏறிப்போயிருந்தது.

மூன்றாவது வரியை ஆவி வாசித்து முடித்ததும் நாத்தனார் விரிப்பிடம் சொன்னாள்: "கை குடுக்கறதுக்கு பூமியில இடம் இல்லையாக்கும். அவ்வளவு தூரம் போகணும்." எல்லோரும் சிரித்தார்கள். எனக்கும் சிரிப்பு வந்தது. உதட்டை மடித்துக்கொண்டேன்.

"உள்ளூர் காலியா இருக்கேக்கா" என்றார் ஆவி. அவருக்குத் தெரியும். எல்லோருக்கும் தெரியும். விரிப்பு கிழிந்ததும் ஜூலை மாதம் இதே வாரம்தான். "எழுதுங்க. நாலு வருஷத்துக்கு முன்னாடி, மடிப்பு மேசையில் மாபெரும் யுத்தம். கோட்டை பிடிச்சதுக்குக் கீழே போட்டா பொருத்தமா இருக்கும். தேநீர் செலவு ரெண்டு பேருக்கும் பாதிப் பாதி."

"போய்யா, உன் பாய்லர் அணையுது" என்றேன்.

'உள்ளூர்' என்று எழுதி, இரண்டு பொத்தான் புள்ளி வைத்து, அதற்கு மேல் ஒன்றும் எழுதாமல் பேனாவை மூடி வைத்தேன். எழுதப் பழகின நாளிலிருந்து ஒரு வரியைக் காலியாக விட்டது அதுதான் முதல் தடவை. செவ்வாய் போயிற்று. அவளோடு நான் கணக்குப் பார்க்க வேண்டியது வெள்ளிக்குள் என்று ஆகிவிட்டது. பணத்தைச் சொல்லவில்லை. ஒருத்தி பேசாமலே போய்விட்டால், அப்புறம் அது சண்டை இல்லை, அதுதான் உறவு என்று ஆகிவிடும். எங்கள் வீட்டில் அப்படி இரண்டு பேர் இருந்தார்கள், என் அப்பாவும் சித்தப்பாவும். எதற்காகப் பேசவில்லை என்பதை இரண்டு பேருமே மறந்த பிறகும் பேசாமல் இருந்தார்கள். ஒருவர் போனபோது மற்றவர் வந்து வாசலிலேயே நின்றார். உள்ளே வந்து எந்த வார்த்தையில் ஆரம்பிப்பது என்று அவருக்குத் தெரியவில்லை.

புதன்கிழமை அவள் பக்கத்திலிருந்து ஒரு இழுப்பு வந்தது. கறை. நான் விரிப்பை வாங்கி அவள் முனையைத் தேடினேன். வெள்ளையாக இருந்தது. திருப்பினேன். மறுபக்கமும் வெள்ளை. நிமிர்ந்து பார்த்தேன். அவள் என்னைப் பார்க்கவில்லை, என் தோளுக்கு மேலே எதையோ பார்த்துக்கொண்டிருந்தாள். அடுத்த விரிப்பு. மறுபடி ஒரு இழுப்பு. அதிலும் கறை இல்லை. எனக்குள் பழைய சூடு ஏறியது. போகிற போக்கில் வேலையிலும் விளையாடுகிறாள் என்று நினைத்து, இரண்டையும் சுருட்டி மறுசலவை வண்டியில் வீசினேன். சுத்தமான துணியை அழுக்குத் துணியோடு போட்டது, இத்தனை வருட வேலையில் நான் செய்த பாவம். அவள் அடுத்த விரிப்பின் முனையை எடுத்துக்கொண்டாள். இழுப்பு வரவில்லை. அன்று முழுக்க வரவில்லை.

வீட்டுக்குப் போய் வெந்நீரில் காலை விட்டுக்கொண்டு உட்கார்ந்திருக்கும்போதுதான் உறைத்தது. எங்களுக்குள் இருக்கிற பாஷையில் மூன்றே சொல்தான் உண்டு. கறை, கிழிசல், திருப்பு. வேறு எதையாவது சொல்ல நினைக்கிறவள் அந்த மூன்றில் ஒன்றைத்தானே எடுக்க முடியும்?

வீட்டுக்காரர் வண்டி நிறுத்துமிடத்துக் காவல் வேலை முடிந்து வந்தார். வந்ததும் தட்டைத் தேடவில்லை. அதிலிருந்தே எங்கே போய்விட்டு வருகிறார் என்று தெரிந்தது.

"உங்க தங்கச்சி ஊரைவிட்டுப் போறா. ஏன் எங்கிட்ட சொல்லலை?"

"நீங்க ரெண்டு பேரும் மேல் பல்லு, கீழ் பல்லு. நான் நடுவுல நாக்கு. கடி படறது யாரு?"

"நாக்குதான் ருசியும் பாக்குது. ரெண்டு வீட்டுலயும்."

அவர் சிரித்துக்கொண்டே பக்கத்தில் உட்கார்ந்து என் காலைப் பார்த்தார். நின்று நின்று முழங்கால் இரண்டும் பூசணி மாதிரி வீங்கியிருந்தது. ஊசி போட்டால் குறையும் என்று மாடியில் இருக்கிற டாக்டர் சொல்லியிருந்தார். ஊசியின் விலையையும் சொல்லியிருந்தார். அந்த விலைக்கு என்னிடம் இருந்த ஒரே முதல், நாத்தனாரின் பாக்கிதான்.

"நாப்பதை விட்டுடேன்" என்றார்.

"அவ கேக்கட்டும், விட்டுடறேன்."

"நீ விட்டா அவ கேப்பா."

"அப்படின்னு சொன்னாளா?"

"சொல்லலை. நாலு வருஷமா ரெண்டு அடுப்புலயும் சாப்பிடறேன். உப்பு எங்க கூடுது, எங்க குறையுதுன்னு தெரியாதா எனக்கு?"

வியாழக்கிழமை தேநீர் நேரத்தில் அவளுக்குப் பதிலாக வரப்போகிற ஆளைக் கூட்டிவந்து காட்டினார்கள். நல்ல பெண்தான். முனையைப் பிடித்துக்கொண்டு, நான் இழுக்கும்போது தளர்த்தினாள், நான் தளர்த்தும்போது இழுத்தாள். நாத்தனார் ஓரமாக நின்று பார்த்தாள். அப்புறம் அந்தப் பெண்ணின் முழங்கையைப் பிடித்துச் சரிசெய்து, "அவங்க மூச்சைப் பாரு. மூச்சு இழுக்கறப்ப நீயும் இழு. அவங்களுக்கு இடது தோள் ஏறாது, அதனால உன் பக்கம் கொஞ்சம் தாழ்த்திப் பிடிக்கணும்" என்றாள். என் இடது தோள் ஏறாது என்று நான் யாரிடமும் சொன்னதில்லை. நாலு வருடமாக அவள் பக்கம் தாழ்ந்தே இருந்ததை நான் கவனித்ததும் இல்லை.

வெள்ளிக்கிழமை தேநீர் நேரத்தில் மூன்றாவது மாடிக்கு அவசரமாக விரிப்பு வேண்டும் என்று ஆள் வந்தது. வண்டியைத் தள்ளிக்கொண்டு நானே போனேன். கீழே நின்றால் அவளுக்கு எதிரே சும்மா நிற்க வேண்டும், அதற்கு வண்டி தள்ளுவது மேல். திரும்பி வரும்போது லிஃப்டில் ஒரு முடிவு செய்தேன்: போய் நின்றதும் நானே பேசிவிடுவது. எந்த வார்த்தையில் ஆரம்பிப்பது என்று மட்டும் முடிவாகவில்லை. 'சாப்பிட்டியா' என்று கேட்கலாம். யாரிடமும் எப்போது வேண்டுமானாலும் கேட்கலாம். நாலு வருடம் கழித்துக் கேட்டால் பைத்தியம் என்பார்கள், பரவாயில்லை.

லிஃப்ட் கதவு திறந்தபோது கூடம் அமைதியாக இருந்தது. தேநீர் நேரத்தில் எப்போதும் அப்படித்தான் இருக்கும், இயந்திரங்கள் நின்றிருக்கும். ஆனால் மனிதர்களும் சத்தமில்லாமல் பலகைக்கு எதிரில் கூடி நின்றார்கள். சூப்பர்வைசர் கண்ணாடியை நெற்றியிலிருந்து இறக்கி மூக்கில் போட்டிருந்தார். ஆவி கையில் இருந்த குவளையைக் குடிக்க மறந்து நின்றார். என்னைக் கண்டதும் வழிவிட்டார்கள்.

உள்ளூர் வரி நிறைந்திருந்தது.

'நாலு வருசம் முன்னாடி இந்த வாரம் ஒரு விரிப்பு கிழிந்தது. பாக்கி 6340.'

முதலில் எனக்கு, இதை நான் எப்போது எழுதினேன் என்றுதான் தோன்றியது. என் கையெழுத்து அது. வரி வலது பக்கம் போகப் போக மேலே ஏறியிருந்தது. புள்ளி வர வேண்டிய இடத்திலெல்லாம் பொத்தான் வட்டம், ஒன்றுகூடத் தவறாமல். ஆனால் என் வட்டத்தைவிடக் கவனமாகப் போட்ட வட்டம். இப்படித்தான் போட வேண்டும் என்று நம்பிப் போட்ட வட்டம். அப்புறம் அந்த எண்ணைப் பார்த்தேன். 6300 இல்லை. 6340.

நாத்தனார் மடிப்பு மேசையில் கை ஊன்றி நின்றாள். அவள் கட்டைவிரலில் நீல மை.

"எங்க படிச்சே?" என்றேன். லிஃப்டில் யோசித்து வைத்தது ஒன்று, வாயில் வந்தது ஒன்று.

"உங்க முதுகுக்குப் பின்னாலதான்" என்றாள். "வாரம் முழுக்க அதைத்தானே பாக்கறேன். வேற என்ன இருக்கு பாக்க, உங்க மூஞ்சியா?" குரல் உடைந்துவிடாமல் இருக்க அவள் அப்படிப் பேசினாள் என்று எனக்குத் தெரிந்தது. "இவன் வாசிக்கறப்ப விரல் வச்சு வாசிப்பான் இல்ல, அதைப் பிடிச்சுக்குவேன். வெள்ளிக்கிழமைக்குள்ள எல்லா எழுத்தும் தெரிஞ்சிடும். இந்த வாரம்தான் ஒரு வரி காலியா இருந்தது. புதன்கிழமை இழுத்து இழுத்துக் காட்டினேன், திரும்பிப் பாத்து எழுதுங்கன்னு. துணியைத் தூக்கி வீசினீங்க."

யாரும் சிரிக்கவில்லை. நான் பலகைக்கு அருகே போனேன். என்னிடம் அவளுக்குச் சொல்ல இருந்தது ஒன்றே ஒன்றுதான்: அந்த நாற்பது வேண்டாம். அவள் ஒப்புக்கொண்ட பிறகு அது எனக்கு வேண்டாம். அதை வாயால் சொன்னால் அழுதுவிடுவேன் என்று பயந்து, கட்டைவிரலால் சொன்னேன். கடைசி இரண்டு எண்ணையும் ஒரே தேய்ப்பில் தேய்த்து அழித்தேன்.

திரும்பிப் பார்த்தேன். ஆவி வாயைத் திறந்துகொண்டு நின்றார்.

"அக்கா. என்ன பண்ணிட்டீங்க தெரியுமா?"

"நாப்பதைத் தள்ளிட்டேன்."

"தள்ளிட்டீங்க. மிச்சம் என்ன நிக்குது, பாருங்க."

பார்த்தேன். பாக்கி 63.

முதலில் சிரித்தது சூப்பர்வைசர். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டு சிரித்தார். அப்புறம் எல்லோரும். எண் எழுதத் தெரியும், எண்ணத் தெரியும், ஆனால் அழிப்பதற்கு ஒரு கணக்கு உண்டு என்று எனக்கு யார் சொன்னார்கள்? பேனா பலகையின் விளிம்பில் இருந்தது. எடுத்தேன். 63க்குப் பக்கத்தில் இரண்டு சுழி போட்டால் எல்லாம் சரியாகிவிடும். இரண்டு பொத்தான். நான் போடாத பொத்தானா?

"தப்பா அழிச்சிட்டீங்க" என்றாள் நாத்தனார். அவள் சிரிக்கவில்லை. "ரெண்டு சுழி போடுங்க. நான் மகள்கிட்ட போய் மாசாமாசம் அனுப்பறேன். போடுங்க அண்ணி."

அந்த வார்த்தை சாதாரணமாக வந்து விழுந்தது, நேற்றும் சொன்ன மாதிரி. அதைக் கேட்டதும் என் முழங்கால் வலியை நினைத்துப் பார்த்தேன். ஊசியை நினைத்துப் பார்த்தேன். பொய் சொல்லக்கூடாது, நினைத்துத்தான் பார்த்தேன். இத்தனை நாள் நின்ற கால், இன்னும் கொஞ்சம் நிற்கும். பேனாவுக்கு மூடி போட்டேன்.

"பலகைல ஏறினா ஏறினதுதான்" என்றேன். "சட்டம் ஆவி போட்டது. என்னைக் கேக்காதே."

"அண்ணி, ஆறாயிரம்."

"என்ன ஆறாயிரம்? எழுத்து தெரிஞ்சவதானே நீ? வாசி. அறுபத்து மூணு. எடு."

அவள் என்னையே பார்த்தாள். அப்புறம் இடுப்பிலிருந்து சுருக்குப்பையை எடுத்து, மேசையின் மேல் மூன்று இருபது நோட்டை வைத்து உள்ளங்கையால் நீவிவிட்டாள். அதன் மேல் மூன்று நாணயம், ஒவ்வொன்றாக. கடைசி நாணயத்தை விரலால் அழுத்தியபடியே, "எண்ணிப் பாத்துக்குங்க. அப்புறம் வண்டிக்கூலி விட்டுப்போச்சும்பீங்க" என்றாள். நான் எண்ணினேன். எல்லோரும் பார்க்க, ஒன்றுவிடாமல் எண்ணி, "சரியா இருக்கு" என்று சொல்லி முந்தானையில் முடிந்துகொண்டேன். தேநீர்ச் செலவு இரண்டு பேருக்கும் பாதிப் பாதி என்று ஆவி நினைவுபடுத்தினார்.

மணி அடித்தது. உருளை மறுபடி சுற்ற ஆரம்பித்து, முதல் விரிப்பு சூடாக வெளியே வந்தது. எனக்கு இரண்டு முனை, அவளுக்கு இரண்டு முனை. நீளவாக்கில் ஒன்று, இன்னொன்று. நடந்து வந்து கொடுத்தாள், விரல் பட்டது, குனிந்து எடுத்தாள். பேச எவ்வளவோ இருந்தது. மகளுக்கு எந்த மாதம், போகிற ஊரில் வீடு எப்படி, தண்ணீர் வருமா. ஆனால் இயந்திரச் சத்தத்தில் ஒன்றும் கேட்காது. வேலை முடிந்து வாசலில் நின்று பேசிக்கொள்ளலாம். இனிமேல் பேசலாம்.

கடைசி வண்டியின் அடியில் இருந்த விரிப்பை விரித்தபோது அது காற்றை வாங்கிக்கொண்டு எங்கள் இருவருக்கும் நடுவில் உப்பி எழும்பியது. அவள் முகம் மறைந்துவிட்டது. துணிக்கு அந்தப் பக்கத்திலிருந்து ஒரு இழுப்பு வந்தது. நான் கறையைத் தேடவில்லை. என் பக்கத்திலிருந்து ஒரு இழுப்பு இழுத்தேன். விரிப்பு இறங்கவே இல்லை, இரண்டு பக்கமும் விறைப்பாக நின்றது, வெள்ளையாக.